வட்டமாக அமர்ந்து பேசும் அறையைப் பற்றி அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த நாட்டுக்கு வந்த பிறகு உங்களுக்கு எழுதிய கடிதங்களிலெல்லாம் வேலையைப் பற்றியும் குளிரைப் பற்றியும் எழுதினேனே தவிர, மாலையானால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் குடித்ததை எழுதவில்லை. தொலைபேசியில் குரல் குழறியபோது தூக்கக் கலக்கம் என்றேன். இன்றோடு நான் குடிக்காமல் 94 நாட்கள் ஆகின்றன. அது எப்படி நடக்கிறது என்பதை நீங்கள் என்னிடமிருந்தே அறிய வேண்டும்.

முதலில் மருத்துவரிடம்தான் போனேன். பல ஆண்டுகள் அளவின்றிக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கத்தோடு போகாது, வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று சொல்லி, சில நாட்கள் மருத்துவமனையில் வைத்திருந்த பிறகே அனுப்பினார்கள். உடம்பை விட்டு மது போய்விட்டது. நினைப்பை விட்டுப் போகவில்லை. அதற்காகத்தான் குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பின் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினேன்.

அங்கே மேடையும் இல்லை, நிபுணரும் இல்லை. வட்டமாகப் போட்ட நாற்காலிகள்தாம். முறை வந்தவர் தம் முதற்பெயரைச் சொல்லி, தாம் ஒரு குடிநோயாளி என்று தொடங்கி, தமக்கு நேர்ந்ததை மட்டும் பேசுகிறார். யாரும் குறுக்கிடுவதில்லை, புத்தி சொல்வதுமில்லை. கட்டணம் கிடையாது, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் சேரலாம். அறையில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பதால் பிறர் கதை எதையும் இங்கே எழுத மாட்டேன். என் கதையைச் சொல்லலாம். முதல் மூன்று கூட்டங்களில் நான் வாய் திறக்கவில்லை. நான்காவதில், காலி பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடுமே என்று பழைய சட்டையில் சுற்றிக் குப்பைத் தொட்டிக்கு எடுத்துச் சென்றதைச் சொன்னேன். சொல்லி முடித்து நிமிர்ந்தபோது எதிரே இரண்டு பேர் மெல்லத் தலையசைத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது, ஆனால் அன்றிரவு, பல மாதங்களுக்குப் பிறகு, நன்றாகத் தூங்கினேன்.

இந்த அமைப்பு தொடங்கிய விதமே எனக்கு ஒன்றைப் புரியவைத்தது. 1935 மே மாதம், பில் வில்சன் என்பவர் தொழில் விஷயமாக அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குப் போய், காரியம் கைகூடாமல், தங்கிய விடுதியின் மதுக்கூடத்துக்குள் நுழைந்துவிடுவோமோ என்று அஞ்சியபோது, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று தொலைபேசியில் தேடினார். அப்படிக் கிடைத்தவர்தான் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். கால் மணி நேரம் மட்டுமே பேசுவதாக வந்த அவர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். ஜூன் 10 அன்று அவர் கடைசியாகக் குடித்த நாளையே அமைப்பின் தொடக்க நாளாகக் கொள்கிறார்கள். பில் அன்று தேடியது தம்மைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்பதை நினைத்துப் பாருங்கள், அக்கா. உங்களிடம் எத்தனை சத்தியம் செய்தும் காக்க முடியாததை முன்பின் அறியாதவர்களிடம் பேசிக் காப்பது உங்களுக்கு வருத்தம் தரலாம். உங்கள் முன் நான் நல்லவனாகத் தெரிய வேண்டியிருந்தது. அங்கே அந்தக் கட்டாயம் இல்லை.

நீங்கள் ஆதாரம் கேட்பீர்கள் என்பதால் இதையும் எழுதுகிறேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்தக் கூட்டங்களின் வழிக்கு ஒருவரை முறையாகக் கொண்டுசேர்க்கும் சிகிச்சைகள், தொடர்ந்து குடிக்காமல் இருக்க உதவுவதில் பிற உளவியல் சிகிச்சைகளை விட மேலாகவே இருந்தன. குடியிலிருந்து மீள இங்கே பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் வரும் கடவுள் பேச்சு எல்லோருக்கும் ஒத்துவருவதில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெகவரி போன்ற வேறு குழுக்களும் உண்டு.

இந்த 94 நாட்களுக்கு முன்பு ஒருமுறை 41 நாட்கள் இருந்துவிட்டு விழுந்தேன். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கையும் கவனிக்கச் சொல்லியிருந்தார்கள். அன்று நான்கும் சேர்ந்திருந்தன. மறுவாரம் கூசிக் குறுகி உள்ளே போனேன். ஒரு மாதம் குடிக்காமல் கடந்ததற்கு அடையாளமாகத் தந்த, நாணயம் போன்ற வில்லை சட்டைப்பையில் கிடக்க, முதல் 24 மணி நேரத்துக்கான வில்லையை மீண்டும் வாங்க எழுந்தபோது, அறை முழுவதும் கைதட்டியது. இப்போதெல்லாம் மனம் தடுமாறினால் குடிப்பதற்கு முன்பே என் ஸ்பான்சரை, அதாவது எனக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினரை, அழைத்துவிடுகிறேன்.

வெளிநாட்டுக்கு அனுப்பியதால்தான் இப்படி ஆயிற்று என்று நீங்கள் உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951இல் உருவான அல்-அனான் குழுக்களில், இந்த நோயை நாம் உண்டாக்கவும் இல்லை, அதைக் கட்டுப்படுத்தவும் குணப்படுத்தவும் நம்மால் முடியாது என்று சொல்கிறார்கள். உங்களுக்கு எட்டும் இடத்தில் அப்படியொரு குழு இருந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

காயப்படுத்தியவர்களிடம் ஈடு செய்வது ஒன்பதாவது படி. நான் இன்னும் அங்கே வரவில்லை. ஆகவே இதை மன்னிப்புக் கடிதமாகக் கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்க வேண்டாம், அக்கா. இந்த வாரம் கூட்டத்துக்குப் போனாயா என்று மட்டும் கேளுங்கள்.

அன்புடன்,
தம்பி