கைகளைப் பார்த்துக்கொண்டே படி

அன்புள்ள செல்விக்கு,

உன் மெயில் கிடைத்தது. இந்த செமஸ்டரில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலை நடத்தப்போகிறாய் என்று படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குறியீடுகளுக்கு ஒரு பட்டியல் போட்டிருக்கிறாய்: நின்றுபோன கடிகாரங்கள், மக்கிப்போன கல்யாணக் கேக், சதுப்பு நிலத்து மூடுபனி. எதுவும் விட்டுப்போயிற்றா என்று கேட்கிறாய். பட்டியல் சரிதான். பத்து மார்க் கேள்விக்கு அது வேண்டும். ஆனால் பாடத்தை அதிலிருந்து தொடங்காதே. இந்தக் கதையில் யாருடைய கை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே போ. மற்றதெல்லாம் கூடவே வரும்.

பிப் தாய் தகப்பன் இல்லாத பையன். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், சதுப்பு நிலத்தை ஒட்டிய ஊரில், அக்காவும் அவள் கணவர் ஜோவும் வளர்க்கிறார்கள். ஜோ இரும்படிக்கிறவர். கல்யாண நாளில் கைவிடப்பட்ட பணக்காரி மிஸ் ஹேவிஷாமின் வீட்டுக்கு விளையாடப் போன முதல் நாளே, அவள் வளர்க்கும் பெண் எஸ்டெல்லா அவனைப் பார்த்துச் சொல்லிவிடுகிறாள்: என்ன முரட்டுக் கை, என்ன தடித்த பூட்ஸ்! அதுவரை தன் கையை நினைத்து அவன் வெட்கப்பட்டதே இல்லை. அவள் முற்றத்தில் விட்டுவிட்டுப் போனதும், தனியாக நின்று தன் கைகளைப் பார்க்கிறான். எட்டு நாற்பதுக்கு நின்ற கடிகாரத்தை எல்லா கைடும் விளக்கும். இந்தச் சின்னப் பையன் தன் கையைப் பார்க்கிற இடத்தில் நீ வகுப்பை நிறுத்து. நாவலின் பாதி விஷயம் அங்கே இருக்கிறது.

அந்த வீட்டுப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பிள்ளைகளிடம் கேள். மிஸ் ஹேவிஷாமின் அப்பா பீர் காய்ச்சி விற்றவர். வீட்டை ஒட்டியே அந்தப் பழைய ஆலை பாழடைந்து கிடக்கிறது. ரொட்டி சுட்டு விற்றால் கௌரவம் கிடையாது, பீர் காய்ச்சினால் உண்டு என்று பிப்பின் லண்டன் நண்பன் ஹெர்பர்ட் அவனுக்கு விளக்குவான். அந்தச் சமூகத்தின் மேல்தட்டு எப்படிக் கணக்குப் போட்டது என்பதற்கு அந்த ஒரு வரி போதும்.

அடுத்து இரும்பைப் பார். தப்பி வந்த கைதி மேக்விச்சுக்காகப் வீட்டுச் சாப்பாட்டோடு பிப் திருடிக்கொண்டு போவது ஜோவின் அரம். அன்று கிறிஸ்துமஸ். சிப்பாய்கள் கெட்டுப்போன கைவிலங்கைத் தூக்கிக்கொண்டு ஜோவிடமே வருகிறார்கள். அவர் உலையை மூட்டிச் சரிசெய்து தருகிறார். விலங்கை அறுக்கிற அரமும் அந்தப் பட்டறையிலிருந்துதான், பழுது பார்த்த விலங்கும் அங்கிருந்துதான். அறுத்துப் போட்ட கால்விலங்கு பல வருஷம் கழித்துப் பிப்பின் அக்காவையே அடித்து வீழ்த்துகிறது. டிக்கன்ஸ் இதற்கெல்லாம் விளக்கம் எழுதிக்கொண்டு நிற்பதில்லை. பொருளைக் கைமாற்றிக்கொண்டே போகிறார்.

அன்று சாயங்காலம் மேக்விச் பிடிபடுகிறான். பையன் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று, அந்த வீட்டுச் சாப்பாட்டை நான்தான் திருடினேன் என்கிறான். ஜோ என்ன சொல்கிறார் பார்: நீ என்ன செய்தாயோ எங்களுக்குத் தெரியாது, அதற்காக நீ பட்டினி கிடந்து சாகவேண்டும் என்று நாங்கள் நினைக்க மாட்டோம், பாவப்பட்ட சக மனிதனே. சொல்லிவிட்டு, இல்லையா பிப் என்று பையனையும் சேர்த்துக்கொள்கிறார். அரசாங்கம், சிப்பாய், விலங்கு எல்லாம் சுற்றி நிற்கும்போது ஒரு கைதியைச் சக மனிதன் என்று ஒருவர் அழைக்கிறார். எத்தனை முறை வாசித்தாலும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஜோ ரொம்ப நல்லவராக இருக்கிறார், நம்ப முடியவில்லை என்று உன் வகுப்பில் யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் ஏழாம் அத்தியாயத்தைத் திறந்து காட்டு. ஜோவின் அப்பா குடித்துவிட்டு மனைவியையும் பிள்ளையையும் அடித்தவர். அம்மா பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்ததால்தான் தன் மனைவி எவ்வளவு ஏசினாலும் பொறுத்துப் போகிறேன் என்று ஜோ சொல்கிறார். அது பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல, யோசித்து எடுத்த முடிவு. யாரென்று சொல்லாத ஒருவரின் பணத்தில் பிப்பைக் கனவானாக்க லண்டனுக்கு அனுப்புவதற்கு ஈடாகப் பணம் தரட்டுமா என்று வக்கீல் ஜாகர்ஸ் திரும்பத் திரும்பக் கேட்கும்போது, அதே மனிதர் கையை மடக்கிக்கொண்டு சண்டைக்குப் போகிறார்.

இப்போது 27-ஆம் அத்தியாயம். பிப் லண்டனில் கனவானாக வாழ்கிறான். ஜோ பார்க்க வருகிறார். பணம் கொடுத்து அவரை வராமல் தடுக்க முடியுமென்றால் கொடுத்திருப்பேன் என்று பிப் ஒளிக்காமல் சொல்கிறான். ஜோ ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் வந்து, தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கணப்புக்கு மேலே விளிம்பில் வைக்கிறார். அது விழுகிறது. எடுத்து வைக்கிறார், மறுபடியும் விழுகிறது. பிப் என்று ஒரு தடவை, சார் என்று ஒரு தடவை கூப்பிடுகிறார். பிப்புக்கு எரிச்சல் வருகிறது. கிளம்பும்போது ஜோ சொல்கிறார்: இந்த உடுப்பில் நான் சரிப்பட மாட்டேன். பட்டறைத் துணியில், கையில் சம்மட்டியோடு என்னை நினைத்துக்கொள், அப்போது இதில் பாதிக் குறைகூட உனக்குத் தெரியாது. அவன் நெற்றியை மெல்லத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறார். சுதாரித்துக்கொண்டு பிப் ஓடிப்போய்த் தேடும்போது ஆள் இல்லை.

டிக்கன்ஸ் இதை ஏட்டிலிருந்து எடுக்கவில்லை. 1824-இல் அவருடைய அப்பா கடனுக்காக மார்ஷல்ஸீ சிறையில் கிடந்தபோது, 12 வயதுப் பையன் தேம்ஸ் ஓரத்தில் ஒரு பூட் பாலிஷ் தொழிற்சாலையில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான். புகழ் வந்த பிறகும் அவர் அதை வெளியே சொல்லவில்லை. 1870-இல் அவர் இறந்த பின், நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் ஊருக்குத் தெரிந்தது. தன் கையை மறைத்துக்கொள்ளும் பையனை இவ்வளவு உள்ளேயிருந்து எழுத அவரால் முடிந்தது.

ஜாகர்ஸின் கையை மறந்துவிடாதே. ஒவ்வொரு கட்சிக்காரரும் போன பிறகு வாசனை சோப்புப் போட்டுக் கழுவுகிற கை. அவர் வீட்டு வேலைக்காரி மாலியின் மணிக்கட்டைப் பிடித்து, எவ்வளவு வலு பாருங்கள் என்று விருந்தாளிகளுக்குக் காட்டுகிறார். அவளை ஒரு கொலை வழக்கிலிருந்து காப்பாற்றியவர் அவர். பிறகு ஒரு நாள் மாலியின் விரல்கள் அசைவதைப் பார்த்து, எஸ்டெல்லா பின்னல் போடுகிற விரல்கள் பிப்புக்கு நினைவு வருகின்றன. தாய் இவள்தான் என்று பிடிபடுகிறது. தகப்பன் மேக்விச். பிப்பின் கையைப் பார்த்துச் சிரித்தவள், விலங்கு பூட்டிய கைக்குப் பிறந்தவள்! பிறப்பு, குலம், கனவான், சீமாட்டி என்று கட்டிவைத்த எல்லாவற்றையும் டிக்கன்ஸ் இந்த ஒரே முடிச்சில் உடைத்துப்போடுகிறார். சட்டமும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. ஒரே குற்றத்துக்குப் படித்த, நல்ல உடுப்புப் போட்ட கூட்டாளி காம்பிசனுக்கு 7 வருஷம், மேக்விச்சுக்கு 14.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸுக்கு நாடுகடத்தப்பட்டு அங்கே ஆடு மேய்த்துச் சேர்த்த மேக்விச்சின் பணம்தான் தன்னைக் கனவானாக்கியது என்று தெரிந்ததும் பிப் அருவருத்து ஒதுங்குகிறான். அதே பிப், கடைசியில் நீதிமன்றக் கூண்டுக்கு வெளியே நின்று, தடையை மீறித் திரும்பி வந்து பிடிபட்ட அந்தக் கிழவனின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அன்று 32 பேருக்கு ஒரேயடியாக மரண தண்டனை வாசிக்கிறார்கள். கை என்ற வார்த்தையை எத்தனை இடத்தில் டிக்கன்ஸ் போட்டிருக்கிறார் என்று பிள்ளைகளையே அடிக்கோடிடச் சொல்.

முடிவைப் பற்றியும் கேட்டிருந்தாய். முதலில் எழுதிய முடிவில் பிப்பும் எஸ்டெல்லாவும் லண்டன் தெருவில் சற்று நேரம் சந்தித்துப் பிரிகிறார்கள். நண்பரும் நாவலாசிரியருமான புல்வர் லிட்டன் சொன்னதால் மாற்றி, பாழடைந்த தோட்டத்தில் பிப் அவள் கையைப் பிடிப்பது போல் அச்சாயிற்று. எனக்கு முதல் முடிவுதான் பிடிக்கும். பிப் உண்மையாகத் திரும்பிப் போகவேண்டியது ஜோவிடம். காய்ச்சலில் கிடக்கும் பிப்பை ஜோ பார்த்துக்கொள்கிற 57-ஆம் அத்தியாயத்திலேயே கதை எனக்கு முடிந்துவிடுகிறது. ஊர்ப்பெண் பிடியிடம் எழுதக் கற்றுக்கொண்ட ஜோ, கடப்பாரை தூக்கப் போகிறவர் மாதிரி சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு கடிதம் எழுத உட்காருவார். பிப் தேறியதும் சொல்லாமல் கிளம்பிவிடுவார். ஒரு சின்னக் கடிதமும், அவன் கடனைக் கட்டிய ரசீதும் மட்டும் இருக்கும்.

முதல் வகுப்பில் எதையும் விளக்காமல் ஐந்தாம் அத்தியாயத்தை வாசித்துக் காட்டு. 27-ஐ வாசித்த பிறகு, வேண்டுமானால் தமிழிலும் ஒரு முறை சொல். பாதிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து முதல்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் என்றாய். அந்தத் தொப்பி விழும்போது அவர்கள் பிப்பின் பக்கம் நின்று பேசுகிறார்களா, ஜோவின் பக்கமா என்று தெரிந்துகொள்ள ரொம்ப ஆசையாக இருக்கிறது. மறக்காமல் எழுது.

அன்புடன்,
அப்பா