நியூசிலாந்தில் ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவது?

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்தது. ஓய்வு பெற்ற கையோடு பிப்ரவரியில் நியூசிலாந்து, அதுவும் படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் கேம்பர்வேனில்! தங்கச்சி ஒப்புக்கொண்டாள் என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி. இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியவன் வேலை மாறிவிட்டான், சின்னவளுக்குப் பரீட்சை நடக்கிறது. அதையெல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம். நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

"ஊர் பேர் தெரியாத இடத்தில் ராத்திரி எங்கேடா தங்குவது?" என்று கேட்டிருக்கிறாய். அதில் பாதி நீ எந்த வண்டியை வாடகைக்கு எடுக்கிறாய் என்பதிலேயே முடிவாகிவிடும். விலை குறைவு என்று நீ அனுப்பியிருக்கும் அந்தச் சின்ன வேனில் கழிப்பறை பொருத்தப்படவில்லை; கையில் தூக்கிவைக்கும் போர்ட்டபிள் டாய்லெட்தான். அங்கே காசில்லாமல் பொது இடத்தில் தங்குவதை ஃப்ரீடம் கேம்பிங் என்பார்கள். அதற்கு 2011-இல் ஒரு தனிச் சட்டம் வந்தது. 2023-இல் அதை இறுக்கிவிட்டார்கள். உள்ளாட்சி நிலத்தில் ராத்திரி தங்கும் வண்டி 'செல்ஃப் கன்டெய்ன்டு', அதாவது தண்ணீர், கழிப்பறை, கழிவுத் தொட்டி எல்லாம் தன்னுள்ளேயே கொண்டது என்ற சான்று பெற்றிருக்க வேண்டும், கழிப்பறை வண்டியோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும், படுக்கையை விரித்த பிறகும் உள்ளேயிருந்தபடியே அதைப் பயன்படுத்த முடிய வேண்டும். உள்ளாட்சி தானே விதிவிலக்காக அறிவித்த இடங்கள் தவிர அந்த நிலத்தில் வேறெங்கும் உன் சின்ன வேனுக்கு அனுமதி இல்லை. மீறினால் 400 டாலர் அபராதம். வாடகை வண்டி என்றால் அது நேராக உன் கார்டில் விழும், கம்பெனியின் நிர்வாகக் கட்டணமும் கூடச் சேரும்.

ஆகவே வண்டியை எடுக்கும்போது முதலில் அந்தச் சான்றுக்கான பச்சை ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார். நீலம் பழைய முறை. கூடவே இருக்கும் சான்று அட்டையில் எத்தனை பேருக்கு என்று எழுதியிருக்கும். இரண்டு பேருக்கான சான்றை வைத்துக்கொண்டு மூன்று பேர் தூங்கக் கூடாது. உங்கள் இருவருக்கும் நடுத்தர அளவு வண்டி போதும். ஆறு பேர் வண்டியைத் தொடாதே. 3,500 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டிக்கு வேக வரம்பே 90 கி.மீ.தான். மலைப்பாதையில் பின்னால் வரிசை கட்டி நிற்கும் வண்டிகளுக்கு நீ ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சின்ன வேனே போதும் என்று நினைத்தாலும் தப்பில்லை, கணக்கை மட்டும் மாற்றிப் போடு. இயற்கைப் பாதுகாப்புத் துறையை அங்கே எல்லாரும் 'டாக்' என்றுதான் சொல்வார்கள். அவர்களுடைய முகாம்களில் பெரும்பாலானவற்றுக்குப் பச்சை ஸ்டிக்கர் தேவையில்லை, ஏனென்றால் அங்கே கழிப்பறை இருக்கிறது. பேசிக், ஸ்டாண்டர்டு, சீனிக், சர்வீஸ்டு என்று தரம் பிரித்திருப்பார்கள். பேசிக்கில் ஒரு குழிக் கழிப்பறையும் ஓடைத் தண்ணீரும் இருந்தால் பெரிது. சர்வீஸ்டில் வெந்நீர்க் குளியல்வரை உண்டு. ஸ்டாண்டர்டுதான் உனக்குத் தோது. சிலவற்றை முன்கூட்டியே ஆன்லைனில் பதிய வேண்டும். சிலவற்றில் நுழைவாயிலில் உறையும் பெட்டியும் இருக்கும்: படிவத்தை நிரப்பி, பணத்தை உறையில் வைத்துப் பெட்டியில் போட்டு, கிழித்த துண்டை வண்டியின் முன்கண்ணாடியில் வைக்க வேண்டும். அங்கே சில்லறை மாற்றித் தர ஆள் கிடையாது. ஐந்தும் பத்துமாக டாலர் நோட்டுகளைத் தனியாக எடுத்து வை.

இப்போது அன்றாட முறை. சாயங்காலம் இருட்டிய பிறகு இடம் தேடினாயோ, தொலைந்தாய். பிப்ரவரியில் தென்தீவில் எட்டரை, ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும். அதுதான் ஏமாற்றும், நேரம் நிறைய இருப்பதாகத் தோன்றும். ஆனால் இலவச இடங்களில் கோடு போட்ட கட்டங்கள் சில வண்டிகளுக்குத்தான், மத்தியானம் மூன்று நான்கு மணிக்கே நிரம்பிவிடும். கட்டத்துக்கு வெளியே ஒட்டி நிறுத்தினால் பல உள்ளாட்சிகளில் அதுவும் அபராதம்தான். எனவே மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போதே மூன்று இடம் குறித்துக்கொள். முதலாவது பிடித்த இடம். இரண்டாவது அதிலிருந்து முப்பது கி.மீ.க்குள் ஒரு டாக் முகாம். மூன்றாவது போன் செய்தால் இடம் சொல்லும் ஒரு ஹாலிடே பார்க், அதாவது எல்லா வசதியும் உள்ள கட்டண முகாம். ஹாலிடே பார்க் அலுவலகங்கள் சாயங்காலமே மூடிவிடும், தாமதமானால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மறுநாள் காலை பத்து மணிக்குள் காலி செய்வது வழக்கம். பிப்ரவரி 6 வைதாங்கி நாள், பொது விடுமுறை. அதை ஒட்டிய இரவுகளுக்கு இப்போதே பதிந்துவிடு.

இடம் தேட கேம்பர்மேட், ரேங்கர்ஸ் என்ற இரண்டு ஆப்பும் போதும். இரண்டிலும் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வை. தென்தீவின் தென்மேற்கில் ஹாஸ்ட் பக்கமும் மில்ஃபோர்டு சாலையிலும் போனுக்கு சிக்னல் வெகு தூரத்துக்குக் கிடைக்காது. ஆப்பில் நட்சத்திர எண்ணிக்கையைப் பார்க்காதே, கடைசி ஒரு மாதத்துக் கருத்துகளை மட்டும் படி. போன வருஷம் திறந்திருந்த இடத்தை இந்த வருஷம் மூடியிருப்பார்கள். ஆப் ஒன்று சொல்லி, அங்கே நட்டிருக்கும் பலகை வேறொன்று சொன்னால் பலகைதான் சட்டம். என்.இசட்.எம்.சி.ஏ. என்று போட்டிருக்கும் இடங்கள் மோட்டார் கேரவன் சங்கத்து உறுப்பினர்களுக்கானவை. வாடகை வண்டிக்காரனான உனக்கு அங்கே வேலையில்லை, ஆப்பின் தேடல் வடிகட்டியில் அவற்றை நீக்கிவிடு. இன்னொன்று: தூக்கம் சொக்கி, ஓட்ட முடியாமல் சாலையோரம் சற்று நேரம் கண்ணயர்வதைச் சட்டம் ஃப்ரீடம் கேம்பிங்காகக் கணக்கிடாது. அதைச் சாக்காக வைத்து ஸ்டவ்வைப் பற்றவைத்து நாற்காலி போட்டு உட்கார்ந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் இஞ்சினை அணைக்குமுன் இறங்கி ஒரு சுற்று நட. புல் தரை என்றால் குதிகாலால் அழுத்திப் பார். தண்ணீர் கசிந்தால் அங்கே வேண்டாம். இந்த வண்டிகளில் பல முன்சக்கர இயக்கம், பின்பக்கம் கனம், ஈரப் புல்லில் முன்சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். வெளியேறும் வழியைப் பார்த்த மாதிரி வண்டியின் முகத்தை வைத்து நிறுத்து. மேற்குக் கடற்கரையில் ஆற்றுப் படுகையில் நிறுத்தவே நிறுத்தாதே. உன் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும், மலையில் பெய்த மழை ராத்திரி இறங்கி வரும். மில்ஃபோர்டு பக்கம் ஆண்டுக்கு 6 மீட்டருக்கு மேல் மழை, நினைவில் வை. சரிவு இருந்தால் தலைப்பக்கம் மேடாக இருக்க வேண்டும். பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலைத் தரையில் படுக்கவைத்தால் எந்தப் பக்கம் சரிவு என்று உடனே தெரிந்துவிடும்.

மணல் ஈயைப் பற்றி எல்லாரும் பயமுறுத்தியிருப்பார்கள். பயப்படத்தான் வேண்டும். மேற்குக் கடற்கரையிலும் மில்ஃபோர்டு இருக்கும் ஃபியார்ட்லாண்டிலும் விடியலிலும் அந்தியிலும் கூட்டமாக வரும். நன்றாக இருட்டிய பிறகு கடிக்காது, காற்றடித்தாலும் வராது. அதனால் ஏரிக்கரையில் காற்று வீசும் பக்கமாக நிறுத்து. மரங்களுக்கு நடுவே ஒடுங்கிய இடம் பார்க்க அழகாகத்தான் இருக்கும், உட்கார முடியாது. ஆர்தர்ஸ் பாஸ் என்ற மலைக் கணவாயிலும் மில்ஃபோர்டு சாலையில் ஹோமர் சுரங்கத்து வாசலிலும் கேயா என்ற கிளி வரும். வண்டிக் கண்ணாடி ரப்பரையும் வைப்பரையும் உரித்துப் போடுவதில் அதற்கு அப்படி ஒரு ஆனந்தம். தீனி போடாதே, செருப்பை வெளியே விடாதே.

எத்தனை ராத்திரி வெளியே தங்கலாம் என்பதை முடிவு செய்வது மூன்று: கழிப்பறைத் தொட்டி, தண்ணீர், பாட்டரி. இதில் முதலில் நிரம்புவது கழிப்பறைதான். அதன் அடியில் இருக்கும், கழற்றி எடுக்கும் கழிவுத் தொட்டியான கேசட் சுமார் 18 லிட்டர் கொள்ளும். இரண்டு பேருக்கு இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. பகலில் ஊர்களில் இருக்கும் பொதுக் கழிப்பறைகளைப் பயன்படுத்தினால் இன்னும் ஒரு நாள் இழுக்கலாம். குளிக்காமல் சமைக்கவும் கழுவவும் மட்டும் என்றால் இருவருக்கும் நாளைக்கு 20 லிட்டர் தண்ணீர் போதும்; ஒரு குளியலுக்கே 10 லிட்டர் போய்விடும். பாட்டரி 100 ஆம்ப்-அவர் கொண்ட ஏஜிஎம் (ஒருவகை ஈய-அமில பாட்டரி) என்றால் பாதியைத்தான் எடுக்கலாம். ஃப்ரிட்ஜ் மட்டுமே ஒரு நாளைக்கு 30 முதல் 40 ஆம்ப்-அவர் வரை குடித்துவிடும். வண்டி ஓய்ந்து நிற்கும்போது மீட்டர் 12.2 வோல்ட் காட்டினால் பாதி தீர்ந்தது என்று பொருள். லித்தியம் பாட்டரியில் வோல்ட்டை நம்பாதே, கடைசிவரை ஒரே அளவைக் காட்டிவிட்டுத் திடீரென்று விழும். சதவீத மீட்டரைப் பார். என் யோசனை: இரண்டு ராத்திரி வெளியே, மூன்றாவது ராத்திரி ஹாலிடே பார்க்கில் மின் இணைப்புள்ள இடத்தில். துணி துவைப்பது, குளிப்பது, தொட்டி காலி செய்வது எல்லாம் அங்கேயே முடியும். அங்கே மின்கம்பியைச் சுருளிலிருந்து முழுவதும் பிரித்து விரி. சுருட்டி வைத்தபடி ஹீட்டர் போட்டால் கம்பி சூடேறி உருகும்.

கழிவுத் தொட்டிகளைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷன் வேலையைத் தங்கச்சி தலையில் கட்டிவிடாதே. நீயே செய், இதுதான் வரிசை. முதலில் சுத்தமான கையோடு குடிநீர்த் தொட்டியை நிரப்பு. டம்ப் குழிக்குப் பக்கத்தில் தொங்கும் குழாய் கேசட்டைக் கழுவுவதற்கு, குடிநீருக்கு அல்ல. குடிநீர் என்று எழுதிய குழாய் தள்ளி இருக்கும், அதையும் சற்று நேரம் ஓடவிட்டுப் பிடி. அடுத்து, சமையல் கழுநீர்த் தொட்டியின் வால்வைக் குழிக்கு மேல் திற. கடைசியில்தான் கேசட். கையுறை போட்டுக்கொள். உள்ளே கழிப்பறைக் கோப்பைக்கும் கேசட்டுக்கும் நடுவே இருக்கும் தகடு முழுவதும் மூடியிருந்தால்தான் கேசட் வெளியே வரும். வரவில்லை என்று பலம் போட்டு இழுத்தால் உடையும். ஊற்றும் குழலைத் திருப்பி, கேசட்டைக் குழிப்பக்கம் சாய்த்த பிறகு மேலே இருக்கும் காற்றுப் பொத்தானை அழுத்திக்கொண்டே ஊற்று. அழுத்தாமல் ஊற்றினால் 'களக் களக்' என்று உதறி உன் பேண்ட்டில் தெறிக்கும். இரண்டு லிட்டர் தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்று, இன்னொரு தடவையும். பிறகு கழிப்பறை மருந்தும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு உள்ளே தள்ளு. பிளீச்சிங் திரவம் எதுவும் ஊற்றாதே, ரப்பர் வளையம் கெட்டு ஒழுகும். இன்னொன்றை வாடகைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள்: கடல் மட்டத்திலிருந்து மலைக் கணவாய்க்கு ஏறியபின் கேசட்டுக்குள் அழுத்தம் கூடியிருக்கும். உட்காரும் முன் தகட்டை ஒரு நூலளவு மெதுவாகத் திறந்து காற்றைப் போகவிடு. சட்டென்று இழுத்தால் மேலே பீய்ச்சும்.

ராத்திரி கூரை ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வை. இல்லையென்றால் காலையில் கண்ணாடியெல்லாம் ஈரம் வடியும். குளிர்கிறதே என்று கேஸ் அடுப்பை எரியவிட்டுப் படுக்காதே, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

உன் வழித்திட்டத்தில் எனக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்று இருக்கிறது. பதினைந்து நாளில் இரண்டு தீவும் என்று போட்டிருக்கிறாய். வடதீவின் வெலிங்டனிலிருந்து தென்தீவின் பிக்டனுக்கு ஃபெர்ரியிலேயே சுமார் மூன்றரை மணி நேரம். ஏற்றி இறக்க, வரிசையில் நிற்க என்று ஒரு நாளே போய்விடும். வண்டியின் நீளத்துக்கு ஏற்ப முன்பதிவு வேண்டும், ஏறுமுன் கேஸ் சிலிண்டர் வால்வை மூட வேண்டும். தென்தீவு மட்டும் போ. வரைபடம் காட்டும் நேரத்தோடு கால் பங்கு கூட்டிக்கொள். ஒற்றை வழிப் பாலங்கள் வரும். வட்டப் பலகையில் உன் பக்கத்து அம்பு சிவப்பாகச் சின்னதாக இருந்தால் எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டும். தே அனாவிலிருந்து மில்ஃபோர்டு சவுண்டுக்குச் சுமார் 120 கி.மீ. தே அனாவிலேயே டீசலை நிரப்பு, ராத்திரி தங்க அந்தச் சாலையில் டாக் முகாம்களை மட்டும் பார், ஓரத்தில் ஒதுக்காதே. டீசல் பம்பில் மலிவாகத் தெரியும். சாலை வரி அதில் சேராது, கி.மீ. கணக்கில் வாடகைக் கம்பெனி கடைசியில் வசூலிக்கும். ஒப்பந்தத்தில் எந்தச் சாலைகளுக்குக் காப்பீடு செல்லாது என்ற பக்கத்தையும் படித்துவிடு. குவீன்ஸ்டவுன் பக்கத்து ஸ்கிப்பர்ஸ் சாலை பெரும்பாலும் அதில் இருக்கும்.

வண்டி எது என்று முடிவானதும் அதன் மாடலையும், தண்ணீர்த் தொட்டி, பாட்டரி அளவுகளையும் எழுது. கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கும் நாளும் வேண்டும். பதினைந்து ராத்திரிக்கும் அந்த மூன்று மூன்று இடங்களை நான் குறித்து அனுப்புகிறேன். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். ஊறுகாய், பொடி என்று எதை எடுத்துப் போனாலும் விமான நிலையப் படிவத்தில் உணவு இருக்கிறது என்று டிக் செய்யச் சொல். சொல்லாமல் போனால் அங்கேயும் 400 டாலர்தான்.

உன்
மச்சான்