வைக்கோலில் செய்த பொன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நானும் அப்பாவும் இங்கே நியூ மெக்சிகோவின் சாந்தா ஃபே போய் வந்தோம். மியூசியம் ஹில்லில் அருங்காட்சியகமாக இருக்கிற அந்த மண்நிற வீடு ஞாபகம் இருக்கிறதா, ஜான் மீம் 1930இல் வடிவமைத்தது? நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது உன்னை அங்கே கூட்டிப்போனேன், "எல்லாம் சாமி பொம்மையாகவே இருக்கே அம்மா" என்று பத்தே நிமிடத்தில் வாசலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாய். அன்றைக்கு எனக்கும் உனக்குச் சொல்ல எதுவும் தெரியவில்லை.

பெயரை மாற்றிவிட்டார்கள். 2002இல் திறந்தபோது ஸ்பானிஷ் காலனியக் கலை அருங்காட்சியகம், இப்போது நுவோ மெஹிகானோ (நியூ மெக்சிகோக்காரர்களின்) பாரம்பரியக் கலை அருங்காட்சியகம். எனக்கு இதுதான் சரி என்று படுகிறது, ஏனென்றால் நான் நின்று பார்க்கிற பொருள்கள் எல்லாம் இந்த மண்ணில் செய்தவை. 1600களில் மெக்சிகோ நகரத்திலிருந்து சாமான் வண்டிகள் சுமார் 2,500 கிலோமீட்டர் கடந்து இங்கே வரும், அதுவும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை போல. அதை நம்பி எந்த ஊர் தன் கோயிலுக்குச் சிலை செய்ய முடியும்? அதனால் இங்கிருந்த சான்டேரோக்கள் (சாமி செய்கிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) ஆற்றங்கரைக் காட்டன்வுட் மரத்தின் வேரைச் செதுக்கி, ஜிப்சத்தை மாட்டுத்தோல் பசையில் குழைத்துப் பூசி, மேலே வண்ணம் தீட்டி, பைன் பிசினால் மெருகு ஏற்றினார்கள். அந்த முகங்களைப் பார், கொஞ்சம் நீளமாக, கண்கள் பெரிதாக, நம்மிடம் ஏதோ கேட்கிற மாதிரி இருக்கும்.

நேற்று நான் ரொம்ப நேரம் நின்றது ஒரு சிலுவைக்கு முன்னால். கறுப்பு வண்ணம் பூசிய மரம், அதன்மேல் கோதுமைத்தாளைப் பிளந்து, நறுக்கி, ஒவ்வொரு துண்டாக ஒட்டியிருக்கிறார்கள், வெளிச்சம் பட்டால் அசல் தங்கத் தகடு. ஏழைகளின் பொன் என்றே அதற்குப் பெயர். இந்த வேலை கிட்டத்தட்ட அழிந்தே போயிருந்தது, 1930களில் அரசு வேலைத் திட்டம் ஒன்றில் எலிசியோ ரோட்ரிகஸ் என்ற ஓவியரிடம்தான் இதை மீட்டெடுக்கச் சொன்னார்கள். அவர் மனைவி பாலாவும் கற்றுக்கொண்டார், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். உன் பாட்டி ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தபோது நான் பக்கத்தில் போய் உட்காரவே இல்லை, பாப்பா. அந்தச் சிலுவைக்கு முன்னால் அதை நினைத்துக் கண் கலங்கிவிட்டது.

1925இல் இந்தக் கலைகளைக் காப்பதற்காகத் தொடங்கிய சங்கம் பொருள்களை மட்டும் சேர்க்கவில்லை, பக்கத்து ஊரான சிமாயோவில் ஜனங்கள் யாத்திரை போகிற கோயில் விலைக்கு வந்தபோது 1929இல் பணம் திரட்டி வாங்கித் திருச்சபையிடம் கொடுத்ததும் அவர்கள்தான். அங்கே குழந்தை இயேசுவுக்குத் தனியாக ஒரு சிறு கோயில் உண்டு. ராத்திரியெல்லாம் ஊர் ஊராக நடந்து கஷ்டப்படுகிறவர்களைப் பார்க்கப் போவாராம், அதனால் அவர் செருப்பு தேய்ந்துவிடுமாம், அதற்காக ஜனங்கள் குழந்தைச் செருப்பு கொண்டுவந்து வைக்கிறார்கள்.

ஜூலை கடைசியில் சாந்தா ஃபே நடுச்சதுக்கமான பிளாசாவில் இந்தக் கலைப்பொருள்களுக்கான ஸ்பானிஷ் சந்தை. 1926இல் ஆரம்பித்தது, சின்னப் பிள்ளைகளும் தாங்கள் செய்ததை விற்பார்கள். அதற்கு வா, இந்தத் தடவை ஒரு முழு நாள் எனக்குக் கொடு, சிமாயோவுக்கும் போகலாம். அப்புறம், பையனுக்குச் சிறிதாகிப்போன அந்த நீலச் செருப்பை யாருக்கும் கொடுத்துவிடாதே, பெட்டியில் வைத்து எடுத்து வா.

அன்புடன்,
அம்மா