தீர்ப்புக்கு ஒரு மணியோசை போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் தோற்கும் குழந்தைகளின் கண்ணீரைக் காட்டி இழுப்பதாகவும், அதற்கு நடுவர்களே காரணம் என்றும் வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் நான், வேலை நிமித்தம் ஜப்பானின் நகோயா, ஹமமட்சு நகரங்களுக்கு அடிக்கடி போய்வருபவன். அங்கே பார்த்துவரும் ஒரு நிகழ்ச்சியைப் பற்றிச் சொன்னால், இந்த விவாதத்துக்குப் பயன்படலாம்.

அலுவல் பயணம் என்றால் ஊர் சுற்றுவது என்றே உறவினர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது தொழிற்சாலைக்கும், ரயில் நிலையத்தை ஒட்டிய சிறிய விடுதிக்கும் இடையே நடக்கும் போக்குவரத்துதான். பெட்டியை விரித்து வைக்கக்கூட இடமில்லாத அறையில், மொழி அரைகுறையாகத் தெரிந்தவனுக்குத் தொலைக்காட்சிதான் துணை. செய்தியும் விவாதமும் பிடிபடாவிட்டாலும் பாட்டு எப்படியோ எட்டிவிடுகிறது. அங்குள்ள இசை நிகழ்ச்சிகளில் பாடல் தொடங்கும்போதே அதை எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களைத் திரையில் காட்டிவிடுகிறார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும். நம் பாடலாசிரியர்களுக்கு இந்த மரியாதை எப்போதாவதுதான் கிடைக்கிறது.

ஜப்பானியத் தொலைக்காட்சி இசை என்றதும் பலரும் சொல்வது, ஆண்டின் கடைசி இரவில் பெண்கள் சிவப்பு அணியாகவும் ஆண்கள் வெள்ளை அணியாகவும் பாடும் ‘கோஹாகு’ நிகழ்ச்சியைத்தான். அதன் பகட்டு எனக்கு ஒட்டவில்லை. என்னைக் கவர்ந்தது, அதை நடத்தும் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. ஞாயிறு நண்பகல் 12.15 மணிக்கு ஒளிபரப்பும் ‘நோடோ ஜிமான்’ என்ற பொதுமக்கள் பாட்டுப் போட்டி. போர் முடிந்த சில மாதங்களில், 1946 ஜனவரியில் வானொலியில் தொடங்கிய இந்தப் போட்டி இன்றும் நடக்கிறது. வாரம் ஓர் ஊர் என்று நாடெங்கும் சுற்றி, அந்தந்த ஊர் அரங்கிலிருந்தே முக்கால் மணி நேரம் நேரலையாக வருகிறது. முதல் நாள் சனிக்கிழமை தேர்வுச் சுற்றை முடித்துவிடுகிறார்கள். மேடையேறுபவர்களில் மீனவர், செவிலியர், பள்ளி மாணவர், எண்பது வயதைக் கடந்த பாட்டி என எல்லாரும் உண்டு. வேலைக்குப் போகும் உடையிலேயே வந்து பாடுகிறவர்களும் உண்டு.

இதில் தீர்ப்பைச் சொல்வது மணி. ஒன்றோ இரண்டோ ஒலித்தால் தேர்ச்சியில்லை. வரிசையாக முழங்கினால் தேர்ச்சி. அதற்கு மேல் நடுவர் விளக்கம் எதுவும் கிடையாது. ஒருமுறை ஹமமட்சுவில் நூடுல்ஸ் கடையொன்றில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு பெரியவர் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். சுருதி விலகியது எனக்கே தெரிந்தது. இரண்டு மணிதான் ஒலித்தது. அவர் தலையைச் சொறிந்துகொண்டே சிரித்தார். பின்னால் அமர்ந்திருந்த சக போட்டியாளர்கள் கைதட்டினார்கள். கரண்டியைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர், “அடடா” என்பதுபோல் ஏதோ முணுமுணுத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினார். ‘என்கா’ எனும் ஜப்பானியப் பாடல் வகையில் புகழ்பெற்ற பாடகர் சபுரோ கிட்டாஜிமாவே இளமையில் இப்படி இரண்டு மணி வாங்கித் திரும்பியவர்தான்; பின்னாளில் அவர் கோஹாகு மேடையில் 50 முறை பாடினார்.

நம் தனியார் அலைவரிசைகளிலோ, ஒரு குழந்தை தோற்றால் அதன் கண்ணீரையும் தாயின் முகத்தையும் மாறி மாறிக் காட்டி, அடுத்த விளம்பர இடைவேளை வரை இழுக்கிறார்கள். இதற்கு நடுவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விளம்பர நேரத்தை விற்றாக வேண்டிய நிகழ்ச்சிக்கு இழுவை தேவைப்படுகிறது. என்.எச்.கே.வோ வீடுகள் செலுத்தும் கட்டணத்தில் இயங்குகிறது. அதில் விளம்பரமே இல்லை.

ஆகவே, இப்படியொரு நிகழ்ச்சியை நாம் கேட்க வேண்டிய இடம் தனியார் அலைவரிசை அல்ல, பொதிகை என்ற பெயரிலிருந்து மாறிய டிடி தமிழ்தான். பொது ஒளிபரப்பு நிறுவனம் என்ற முறையில் அதற்கு இந்தக் கடமை உண்டு. மாவட்டத்துக்கு ஒரு நகராட்சி அரங்கம், உள்ளூர் மெல்லிசைக் குழு, வயது வரம்பில்லாத தேர்வு, ஒரு மணி ஆகியவை போதும். திரைப்பாடலோடு தெம்மாங்கு, கும்மி, தேவாரம் பாடுகிறவர்களுக்கும் இடம் தரலாம். பார்க்க ஆள் வருமா என்று அதிகாரிகள் கேட்கக்கூடும். முதலில் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் ஞாயிறு நண்பகலில் சில வாரங்கள் நடத்திப் பார்த்துவிட்டு, அதன்பின் அவர்கள் முடிவு செய்யட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஒரகடம்.