உலை நின்ற இரவின் அளவீடுகள் எங்கே?

குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையத்தின் நிர்வாகத்துக்கும், அதைக் கண்காணிக்கும் பொறுப்பில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

அன்று இரவு கொதிகலன் நின்றதும், விடிவதற்குள் உலை மறுபடி பற்றவைக்கப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். சுற்றி வசிக்கும் எங்களுக்கும் தெரியும். நிலையத்தின் வாசலில் மாட்டியிருக்கும் அறிவிப்புப் பலகைக்கு மட்டும் தெரியவில்லை. புகைபோக்கி வழியாக என்ன போகிறது என்று பொதுமக்களுக்குக் காட்டத்தான் அந்தப் பலகையே வைக்கப்பட்டது. மற்ற நாட்களில் தூசு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் குளோரைடு, சல்ஃபர் டையாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள் என்று வரிசையாகப் பச்சை எழுத்தில் ஓடும். அன்று புகை சம்பந்தப்பட்ட எல்லா வரிகளிலும் வெறும் கோடு. கீழே ‘பராமரிப்பு’ என்று ஒரு சொல். காலையில் பச்சை எழுத்து திரும்பி வந்துவிட்டது. மாத அறிக்கையில் அந்த நாளின் சராசரி வரம்புக்குள் இருந்ததாக ஒரு வரி வந்தது. அத்தோடு கதை முடிந்ததாக நீங்கள் நினைக்கிறீர்கள்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். அந்த இரவின் அரைமணி நேர அளவீடுகளை விடுபடல் இல்லாமல் வெளியிடுங்கள். இனி உலையை நிறுத்தும்போதும் பற்றவைக்கும்போதும் பதிவாகும் எண்களையும் அப்படியே வெளியிடுங்கள்.

புகார் சொன்னால் என்ன நடக்கிறது என்பதை உங்களில் யாராவது ஒருமுறை அனுபவித்துப் பார்க்க வேண்டும். நடு இரவில் தொலைபேசியை எடுப்பவர் மரியாதையாகத்தான் பேசுகிறார், குறை சொல்ல மாட்டேன். நாற்றம் எத்தனை மணிக்குத் தொடங்கியது? அழுகல் நாற்றமா, பிளாஸ்டிக் கருகும் நாற்றமா, மூக்கை அரிக்கும் அமில நெடியா? காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது? பக்கத்து வீட்டுக்காரர்களும் உணர்ந்தார்களா? எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுக் காத்திருந்தால், வெயில் ஏறிய பிறகு ஒருவர் வருகிறார். நின்று மூச்சை இழுத்துப் பார்க்கிறார். ‘ஆய்வின்போது துர்நாற்றம் உணரப்படவில்லை’ என்று எழுதிக்கொண்டு போகிறார். அவர் எழுதியது பொய்யில்லை. அவர் வந்த நேரத்தில் நாற்றம் இல்லைதான்.

எங்கள் தெருவில் மூச்சிரைப்பு உள்ள ஒரு மூதாட்டி இருக்கிறார். இப்படிப்பட்ட இரவுகளில் கதவிடுக்கில் ஈரத்துணியைச் செருகிவிட்டு உள் அறையில் உட்கார்ந்தபடியே விடியும்வரை இருப்பார். அவர் பலமுறை புகார் செய்ததால், ‘நாற்றப் பதிவேடு’ ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், ஆதாரமாக இருக்கும் என்று ஆலோசனை சொல்லப்பட்டது. அந்த அம்மாவுக்கு எழுதத் தெரியாது. பேத்தியை எழுப்பி எழுதச் சொல்கிறார். பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கங்களில் நேரம், காற்றின் திசை, நெடியின் வகை என்று கட்டம் போட்டு அந்தச் சிறுமி எழுதி வைத்திருக்கிறாள். நிமிடத்துக்கு நிமிடம் அளக்கும் விலையுயர்ந்த கருவி உங்கள் புகைபோக்கியில் இருக்கிறது. ஆனால் சாட்சி கேட்கப்படுவது தூக்கம் கலைந்த ஒரு குழந்தையிடம். அந்த நோட்டையும் நேரில் கொடுத்தாயிற்று. ‘பெறப்பட்டது’ என்று முத்திரை குத்தித் திருப்பித் தந்தார்கள்.

நாற்றத்தை வைத்து மாசை அளக்க முடியாது என்று ஒரு கூட்டத்தில் எங்களுக்குப் பாடம் நடத்தினீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறோம். குப்பை எரியும்போது உண்டாகும் டயாக்சின் என்ற கொடிய நச்சை யாராலும் மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் நாற்றம் வேறொன்றைச் சொல்கிறது, அது உங்கள் பொறியாளர்களுக்கு நன்றாகத் தெரியும். லாரிகள் கொட்டும் குப்பைக் குழியிலிருந்து காற்றை உறிஞ்சித்தான் உலைக்கு எரிகாற்றாக அனுப்புகிறீர்கள். அதனால்தான் குழியில் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்கிறது, நாற்றம் உள்ளேயே நிற்கிறது. உலை நின்றால் அந்த உறிஞ்சல் நிற்கும், குழியின் நாற்றம் கதவு வழியே வெளியே வரும். ஆக, எங்களுக்கு அழுகல் நெடி வந்தால் உள்ளே உலை நின்றுவிட்டது என்று பெரும்பாலும் அர்த்தம். சில மணி நேரம் கழித்து அது கருகல் நெடியாக மாறினால் மறுபடி பற்றவைக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தச் சிறுமியின் நோட்டில் இருப்பது உங்கள் உலையின் இயக்கப் பதிவேடு. பலகையில் கோடு விழுந்த நேரமும் அந்த நோட்டில் இருக்கும் நேரமும் ஒத்துப்போகின்றன. உங்கள் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் கேட்கிறோம்.

நிறுத்தும் நேரத்தையும் தொடங்கும் நேரத்தையும் ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம் என்று நீங்கள் கேட்கலாம். அந்த நேரங்களில்தான் உலை தன் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. குப்பை எரிந்து வரும் வாயு 850 டிகிரி செல்சியஸில் குறைந்தது 2 விநாடி இருந்தால்தான் டயாக்சின் போன்றவை சிதையும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அந்தச் சூடு வரும்வரை துணை பர்னரை எரிக்க வேண்டும், குப்பையை உள்ளே தள்ளக் கூடாது. திடீரென்று நிற்கும்போது இது எதுவும் நடப்பதில்லை. ஊட்டுவதை நிறுத்தினாலும் உலைக்குள் எரிதட்டின் மேல் கிடக்கும் குப்பை அரைகுறையாகப் புகைந்துகொண்டுதான் இருக்கும். சூடு இறங்கும். 450 டிகிரியிலிருந்து 200 டிகிரி வரையிலான பகுதியில், சாம்பலில் உள்ள கரியும் குளோரினும் சேர்ந்து, செம்பு போன்ற உலோகங்களின் துணையோடு டயாக்சின் புதிதாகவே உருவாகும். கொதிகலன் குழாய்களில் படிந்த கரி அடுத்த பல மணி நேரத்துக்கு அதை விட்டுக்கொண்டே இருக்கும். இதற்கு நடுவில், குளிர்ந்த ஈர வாயு பட்டால் தூசைப் பிடிக்கும் பை வடிகட்டி கெட்டுவிடும் என்று சில இடங்களில் புகையை வடிகட்டியைச் சுற்றித் திருப்பிவிடும் வழக்கமும் உண்டு. அன்று இரவு அந்த மாற்றுவழித் தடுப்பு திறந்ததா, இல்லையா? திறந்திருந்தால் எத்தனை நிமிடம்? கட்டுப்பாட்டு அறைக் கணினியில் இது இருக்கும். ஷிப்டில் இருந்தவர்களை மாட்டிவிட இதைக் கேட்கவில்லை. திடீரென்று நின்ற உலையை நடு இரவில் திரும்ப எழுப்புவது லேசான வேலை இல்லை என்று எங்களுக்கும் தெரியும்.

‘அது இயல்பான இயக்க நேரம் இல்லை, அதனால் வரம்பும் பொருந்தாது, கணக்கிலும் வராது’ என்பதுதான் உங்கள் பதில். வரம்பு பொருந்தாது என்பதை ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொள்வோம். எண்ணைக் காட்டக்கூடவா கூடாது? நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு ஒரு நிமிடம் மட்டும் கெட்ட வார்த்தை பேசியவரின் சராசரிப் பேச்சு கண்ணியமாகத்தான் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் அவருக்கு நற்சான்றிதழே கொடுக்கலாம்.

இந்த நிலையம் ஐரோப்பியத் தரத்தில் கட்டப்பட்டது என்று திறப்பு விழாவில் சொன்னீர்கள். அந்த ஐரோப்பாவின் 2010ஆம் ஆண்டு தொழிற்சாலை உமிழ்வு நெறிமுறையையே எடுத்துப் பார்ப்போம். கருவிக் கோளாறாலோ பராமரிப்பாலோ ஒரே நாளில் 5க்கு மேற்பட்ட அரைமணி நேர அளவீடுகள் விடுபட்டால் அந்த நாளின் சராசரி செல்லாது. ஒரு வருடத்தில் அப்படி 10 நாள் சராசரிகளுக்கு மேல் தள்ளிவிடவும் முடியாது. வரம்பு மீறிய நிலையில் தொடர்ச்சியாக 4 மணி நேரத்துக்கு மேல் குப்பை எரிக்கக் கூடாது, வருடம் முழுவதும் கூட்டினாலும் 60 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பலகையில் கோடு விழுந்தது இரவு முழுக்க. அப்படியென்றால் அந்த நாளுக்குச் சராசரி எங்கிருந்து வந்தது? எந்த மணி நேரங்களை வைத்துக் கணக்கிட்டீர்கள்? இந்த வருடத்து 60இல் இதுவரை எத்தனை செலவாகியிருக்கிறது? யாராவது எண்ணுகிறார்களா?

டயாக்சின் விஷயத்துக்கு வருகிறேன். பலகையில் அது கிடையாது, ஏனென்றால் அந்தக் கருவிகளால் அதை நேரடியாக அளக்க முடியாது. வருடத்துக்கு இரண்டு முறை ஆய்வகத்திலிருந்து ஆள் வந்து, 6 முதல் 8 மணி நேரம் மாதிரி எடுத்துப் போகிறார்கள். கன மீட்டருக்கு 0.1 நானோகிராம் என்ற வரம்புக்குள் இருந்தது என்று முடிவு வருகிறது. வருடத்தில் 8,760 மணி நேரம். அதில் அதிகபட்சம் 16 மணி நேரம் பார்த்துவிட்டு, அதுவும் முன்கூட்டியே தேதி சொல்லி, உலை நன்றாக ஓடும் நாளாகப் பார்த்து எடுத்துவிட்டு, ‘வருடம் முழுவதும் பாதுகாப்பானது’ என்று எழுத எப்படித்தான் மனம் வருகிறதோ. பெல்ஜியத்தில் ஒரு குப்பை எரிஉலையில் இரண்டு வாரத் தொடர் மாதிரியை வழக்கமான 6 மணி நேர மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வழக்கமான முறை உண்மையான அளவை 30 முதல் 50 மடங்கு குறைத்துக் காட்டியது. 1998இல் வெளிவந்த ஆய்வு அது, நேற்றைய செய்தி இல்லை. அதன் பிறகு அங்கே புகைபோக்கியில் நிரந்தரமாக மாதிரி சேகரிக்கும் கருவியைப் பொருத்தினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் வெளியிட்ட விதிகளும் மாதந்தோறும் நீண்டகால மாதிரியைத்தான் கேட்கின்றன, அளவு நிலையாக இருப்பதை நிரூபித்தால் மட்டுமே விலக்கு. நிறுத்தும், தொடங்கும் நேரங்களின் உமிழ்வையும் கண்காணிக்கச் சொல்வதும் அதே விதிகள்தான். டயாக்சின் உடலில் சேர்ந்தால் பாதியாகக் குறையவே 7 முதல் 11 வருடம் ஆகும் பொருள். வருடத்துக்கு 16 மணி நேரம் பார்த்தால் போதும் என்று முடிவு செய்தவர்கள் இந்தக் கணக்கையும் போட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

பலகையைப் பற்றி இன்னொன்று. அன்று இரவு அது முழுவதும் பழுதாகவில்லை. புகை வரிகளில் கோடு விழுந்திருந்தபோதும், ‘உற்பத்தியாகும் மின்சாரம்’ என்ற வரியில் 0.0 என்று பளிச்சென்று தெரிந்தது. விளக்குகளும் ஒயரும் நன்றாகவே வேலை செய்திருக்கின்றன. எதைக் காட்ட வேண்டும், எதைக் காட்ட வேண்டாம் என்று அதற்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

மின்சாரம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு டன் குப்பைக்கு 500, 600 யூனிட் கிடைக்கும் என்று விளம்பரங்களில் போடுகிறீர்கள். நல்ல, காய்ந்த குப்பை என்றால் கிடைக்கும். குப்பை தானாக எரிய கிலோவுக்குச் சராசரியாக 7 மெகாஜூல் வெப்பம் வேண்டும், எந்தப் பருவத்திலும் 6க்குக் கீழே போகக் கூடாது என்று உலக வங்கி 1999ஆம் ஆண்டு வழிகாட்டியிலேயே சொல்லிவிட்டது. பாதிக்கு மேல் ஈரமாக இருக்கும் சமையலறைக் கழிவைப் பிரிக்காமல் கொட்டி, மழையில் நனையவும் விட்டு, அப்புறம் சூடு இறங்குகிறது என்று எண்ணெய் ஊற்றி எரித்தால் அதற்குப் பெயர் ‘பசுமை மின்சாரம்’. குப்பை காணாமல் போய்விட்டது என்றும் சொல்கிறீர்கள். எடையில் 20 முதல் 25 சதவீதம் அடிச்சாம்பலாகத் திரும்பி வருகிறது. வடிகட்டியில் சிக்கும் பறக்கும் சாம்பல் வேறு, புகையில் போகாத நச்செல்லாம் அதில்தான் குவிந்திருக்கிறது. அது மூடிய வண்டியில் போகிறதா, எங்கே கொட்டப்படுகிறது என்பதை இன்னொரு மடலில் கேட்கிறேன். இப்போதே கேட்டால், ‘பல பிரச்சினைகள் எழுப்பப்பட்டன, பரிசீலனையில் உள்ளன’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவீர்கள்.

அதனால் கேட்டதற்கே திரும்புகிறேன். உலையை மூடச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. அந்தக் கோரிக்கை உள்ளவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள், அவர்கள் தனியாக எழுதுவார்கள். தயவுசெய்து அந்த இரவின் அரைமணி நேர அளவீடுகளை முழுமையாக வெளியிடுங்கள். ஆக்ஸிஜன் அளவும் உலையின் வெப்பநிலையும் கூடவே வேண்டும். புகையில் 11 சதவீத ஆக்ஸிஜன் இருப்பதாக வைத்துத் திருத்திய எண்ணா, திருத்தாத எண்ணா என்று தெரியாவிட்டால், காற்று கலந்து நீர்த்த புகையும் சுத்தமான புகை மாதிரியே தெரியும். கருவி உண்மையிலேயே வேலை செய்யவில்லை என்றால், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, என்ன காரணம், யார் சரிபார்த்தார்கள் என்பதைச் சொல்லுங்கள். டயாக்சினுக்கு நிரந்தர மாதிரிக் கருவி பொருத்துவது பற்றி ஒரு முடிவெடுத்துத் தேதியோடு அறிவியுங்கள்.

பதில் எழுத்தில் வந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம். கூட்டம் போட்டு வாய்மொழியாக விளக்குவதாக இருந்தால், அந்த அளவீடுகளை அச்செடுத்துக் கொண்டுவாருங்கள். நாங்களும் நோட்டோடு வருகிறோம், நேரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
புகைபோக்கிக்குக் காற்று வீசும் பக்கம் குடியிருப்பவர்கள் சார்பில் ஒருவர்