கண்ணாடிக்குத் தள்ளி நில்

அன்பு மகளுக்கு,

சென்ற வெள்ளிக்கிழமை இருட்டும் வேளையில், நானும் அம்மாவும் மொட்டை மாடியில் வடகத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, யானைமலைக்கு மேலிருந்து நாகமலைப் பக்கமாகப் பெரிய எரிகல் ஒன்று எரிந்தபடியே சென்றது. பச்சை கலந்த வெண்மை. விடிவெள்ளியைவிடப் பல மடங்கு பிரகாசம். அணையும் முன் இரண்டாகப் பிளந்தது. அப்பத்தா சொல்லியிருந்தபடி அம்மா உடனே வேப்பமரத்தைப் பார்த்தாள். பிறகு உனக்குப் போன் செய்தாள். நீ எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பாய்.

கீழ்வீட்டார் செயற்கைக்கோள் விழுகிறது என்றார்கள். செயற்கைக்கோளின் துண்டு நொடிக்குச் சுமார் 8 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தாற்போல் வானத்தைக் கடக்கும். எரிகல் நொடிக்கு 11 கிலோமீட்டருக்குக் குறையாமல் வந்து, சில நொடிகளில் அடங்கிவிடும். பள்ளி நாளிலேயே இதையெல்லாம் எனக்கு விளக்கியவள் நீ.

ஒலி மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர்தான் நகரும் என்பதால் நான் வெகுநேரம் காதைக் கொடுத்து நின்றேன், ஒன்றும் கேட்கவில்லை. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் பகுதியில், சுமார் 20 மீட்டர் அகலமுள்ள கல் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தபோது, வெளிச்சத்தைக் கண்டவர்கள் எல்லாம் முடிந்துவிட்டதென்று எண்ணி ஜன்னலோரம் வந்து நின்றார்கள். அதிர்வலை நகரத்தை அடைய இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. காயமடைந்த சுமார் 1,500 பேரில் பெரும்பாலோரைக் கிழித்தது உடைந்த கண்ணாடிதான்.

உன் வீட்டுக் கூடத்தில் ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடி. அப்படி ஒரு வெளிச்சம் கண்டால் அதன் அருகே போகாதே. உள்சுவரை ஒட்டி நில். கட்டிலையும் கண்ணாடிப் பக்கம் போடாதே.

பொங்கலுக்கு வந்துபோனதிலிருந்து, "நல்லா இருக்கேன்பா" என்பதற்கு மேல் நீ ஒரு வார்த்தை சொல்வதில்லை. மாப்பிள்ளை பேச்சை எடுத்தால் அடுப்பில் பால் இருக்கிறது என்கிறாய். தம்பியிடமாவது பேசியிருக்கலாம். நூறு கிலோமீட்டர் உயரத்தில் எரிந்தாலும், இங்கே கண்டது உன் குருகிராமுக்குத் தெரிந்திருக்காது. பூமியின் வளைவு மறைத்துவிடும். அங்கே நடப்பதும் எங்களுக்கு அப்படித்தான் இருக்கிறது, அம்மா.

ஜன்னலை மறந்துவிடாதே. நிஜாமுதீனிலிருந்து மதுரைக்கு வரும் சம்பர்க் கிராந்தியில் டிக்கெட் எடுத்து அனுப்புகிறேன். தேதியை மட்டும் சொல். தனியாக வந்தாலும் ஏன் என்று நாங்கள் கேட்க மாட்டோம்.

அன்புடன்,
அப்பா