அந்தப் பித்தளைக் கூட்டைத் தம்பியிடம் கொடுத்துவிடாதீர்கள்

பூன் லே, சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. போனில் நான் கத்துவதும் நீங்கள் "என்ன, என்ன" என்று கேட்பதும் பக்கத்து அறைச் சீனப் பாட்டிக்கு வேடிக்கையாகிவிட்டது. உங்கள் காதுக்கும் என் தொண்டைக்கும் இனிக் கடிதம்தான் நல்லது.

முதலில் அவசரமான சங்கதி. தாத்தா பர்மாவிலிருந்து கொண்டுவந்த, த்ரீ நாட் த்ரீ (.303) துப்பாக்கியின் காலித் தோட்டாவைத் தம்பி பெட்டியில் போட்டு அனுப்புகிறேன், மேசையில் வைத்துக்கொள் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் அப்பா. கடிகாரத்துக்கு எண்ணெய் விடும் ஊசிகளைப் போட்டு வைக்க அது உங்களிடமே இருக்கட்டும். கோயம்புத்தூர் விமான நிலையத்திலேயே எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். அங்கே தப்பி வந்தாலும் இங்கே தப்பாது. முதல் வேலைக்கு வருகிற பையன், வந்து இறங்கியதும் போலீஸ்காரர் முன்னால் தாத்தாவின் யுத்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா?

காலிக் கூடுதானே என்று நினைப்பீர்கள். இந்த ஊரில் அப்படி யாரும் நினைப்பதில்லை. 1973இல் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. அனுமதியில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, அதோடு குறைந்தது 6 பிரம்படி. ஆளைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு சுட்டுவிட்டால், குண்டு யார்மேலும் படாவிட்டாலும் தூக்கு. குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்குச் சங்கங்கள் உண்டு. ஆனால் துப்பாக்கியும் தோட்டாவும் அங்கேயே பூட்டிக் கிடக்கும், யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது.

எங்கள் சூப்பர்வைசர் இங்கேயே பிறந்த தமிழர். இந்த நாட்டு இளைஞர்கள் எல்லோரையும் போல இரண்டு ஆண்டு தேசிய சேவை செய்தவர். சுடும் பயிற்சி முடிந்ததும் வரிசையில் நின்று, ஒவ்வொருவராக, "என்னிடம் தோட்டாவும் இல்லை, காலிக் கூடும் இல்லை" என்று உரக்கச் சொல்ல வேண்டுமாம். கொடுத்த தோட்டாவின் கணக்கும் திரும்பிய கூட்டின் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். ஒரு தடவை ஒரே ஒரு கூடு குறைந்துபோய், மழையில் நனைந்த புல்லுக்குள் மொத்தப் படையும் முட்டி போட்டுத் தேடியிருக்கிறது. இருட்டும் நேரத்தில் ஒருவருடைய பூட்ஸ் மடிப்புக்குள் இருந்து அது விழுந்ததாம். இருபது ஆண்டு கழித்தும் அதைச் சொல்லும்போது அவர் முகம் கடுக்கிறது.

இனி நீங்கள் கேட்ட அமெரிக்கர் கதை. புது இயந்திரத்தைப் பொருத்திக் கொடுக்க மிச்சிகனிலிருந்து வந்திருக்கும் இன்ஜினீயர் அவர். ஊரில் தன் வீட்டு நிலவறையில் கைத்துப்பாக்கித் தோட்டாவைத் தானே செய்கிறார் என்று சொன்னதும் நீங்கள் நம்பவில்லை. அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை வாசலிலேயே தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டு உள்ளே போன மனிதர் எப்படி நம்புவீர்கள்! ஆனால் உண்மைதான். சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ள அங்கே லைசென்ஸ் தேவையில்லை. செய்து விற்பதற்குத்தான் வேண்டும். இங்கே மனிதர் நகவெட்டியைக்கூட யோசித்துத்தான் பெட்டியில் வைக்கிறார்.

தோட்டா என்பது நான்கு பொருள்தான்: பித்தளைக் கூடு, அடியில் பிரைமர் (ஊசி அடித்ததும் தீப்பொறி விடும் சின்ன மூடி), உள்ளே வெடிமருந்து, மேலே குண்டு. சுட்டபின் மிஞ்சுவது கூடு மட்டும். விலை உயர்ந்த பகுதியும் அதுதான், திரும்பத் திரும்பப் பயன்படுவதும் அதுதான். அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து, அம்மா நகையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசுவது போல, அக்ரூட் ஓட்டுத் தூளோடு ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கிச் சுத்தம் செய்கிறார்கள். அந்தத் தூசியில் ஈயம் இருக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் வாயில் வைக்கக்கூடாது.

சுடும்போது பித்தளை உப்பிவிடுகிறதல்லவா, அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர ஒரு கை அழுத்தியில் டை என்னும் அச்சை மாட்டி நெம்புகோலை இழுக்கிறார். அதே இழுப்பில் ஓர் ஊசி பழைய பிரைமரைத் தள்ளிவிடுகிறது. இந்த இடத்தில் உங்களுக்குப் பிடித்த ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்கத் தோட்டாக்களில் இருக்கும் பிரைமர் பாக்ஸர் என்ற ஆங்கிலேயருடையது. அடியில் நடுவே ஒரே துளை, ஊசி நேராக நுழையும். ஐரோப்பாவில் பரவியது பெர்டன் என்ற அமெரிக்கருடையது. நடுவில் பட்டடை போல ஒரு மேடு, பக்கத்தில் சிறு துளைகள். ஊசி போய் மேட்டில் முட்டும், அதனால் பெர்டன் கூட்டை வீட்டுக்காரர்கள் தொடுவதில்லை. தாத்தாவின் கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், எத்தனை துளை?

பிறகு கூட்டின் வாயைக் கொஞ்சம் விரித்து, புது பிரைமரை அழுத்தி, மருந்தைப் போட்டு, குண்டை உட்காரவைத்து, விரித்த வாயை மறுபடி இறுக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. எல்லாப் பயமும் மருந்து போடும் அந்த ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது.

எடையெல்லாம் கிரெயின் கணக்கு. பவுண்டுக்கு 7000 கிரெயின். நம் கணக்கில் சொன்னால் ஒரு குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின். ஒன்பது மில்லிமீட்டர் தோட்டாவுக்குப் பெரிதும் வழங்கும் 124 கிரெயின் குண்டு 8 கிராம், அதாவது ஒரு பவுன்! அந்த ஒரு பவுனைத் தள்ள உள்ளே போகும் மருந்து சில குன்றிமணி எடைதான். அளவைத் தானாக யோசிக்கக்கூடாது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதையும் கேட்கக்கூடாது. மருந்து செய்பவர்கள் அச்சிட்டுத் தரும் அட்டவணையில் குண்டுக்கும் மருந்துக்கும் ஏற்பக் குறைந்த அளவு போட்டிருக்கும்; புதிதாகத் தொடங்குபவர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். நீங்கள் தொழிற்சாலையில் பார்த்த கார்டைட் மருந்து கயிறு கயிறாக இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவீர்கள். இவர்கள் மருந்து சின்னச் செதில், இல்லை கடுகைவிடச் சிறிய உருண்டை. இரண்டு டப்பா கலந்துவிட்டால் தெய்வமே வந்தாலும் பிரிக்க முடியாது.

கூடு கொள்வதில் பாதிக்கும் குறைவாகவே நிரம்பும் மருந்துகள் உண்டு. அதனால் மறதியில் இரண்டாம் முறை போட்டாலும் வழியாது, குண்டும் ஒழுங்காக உட்கார்ந்துவிடும். சுடும்போது துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம். அதனால் ஐம்பது கூட்டை ஒரு தட்டில் நிறுத்தி, குண்டு வைக்கும் முன் ஒவ்வொன்றுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்கிறார்.

போடாமல் விட்டாலும் ஆபத்துதான். அவருக்கே நடந்தது. வேலையின் நடுவே போன் வந்து எழுந்து போயிருக்கிறார், திரும்பி வந்து விட்ட இடம் என்று நினைத்த இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறார். அடுத்த வாரம் சுடும்போது "டப்" என்று ஒரு மந்தமான சத்தம், கையில் உதைப்பே இல்லை. பிரைமரின் வேகம் மட்டும் குண்டைத் தள்ளிக் குழலின் நடுவில் நிறுத்திவிட்டிருந்தது. இன்னொரு முறை விசையை இழுத்திருந்தால் பின்னால் வரும் குண்டு அதில் மோதிக் குழல் கிழிந்திருக்கலாம். சத்தம் மாறியதே என்று அவர் நிறுத்தினார். இதைச் சொல்லும்போது தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். இப்போது போன் அடித்தால், கையிலிருக்கும் கூட்டின் மருந்தைத் திரும்ப டப்பாவில் கொட்டிவிட்டுத்தான் எழுவாராம்.

மிச்சமாகிறதா என்று கேட்டேன். "மிச்சம் பிடிக்கத்தான் ஆரம்பித்தேன். அதே பணத்துக்கு இரட்டிப்பாகச் சுடுகிறேன்" என்றார். அம்மா தையல் மிஷின் வாங்கியபோது சொன்ன கணக்கு நினைவுக்கு வந்தது.

எனக்குத் துப்பாக்கியில் ஆசை இல்லை அப்பா. அந்த அளவெடுக்கும் ஒழுங்குதான் பிடித்திருக்கிறது. துவாஸ் தொழிற்பேட்டையில் நாள் முழுவதும் வால்வுகளை மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்ப்பவன் நான். ஒன்பது மில்லிமீட்டர் கூட்டின் நீளம் அதிகபட்சம் 19.15 மில்லிமீட்டர் என்று அவர் சொன்னதும், வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒன்று வரைந்து காட்டச் சொன்னேன். வரைந்தார். சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் சூப்பர்வைசர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, ரப்பரை என் பக்கம் நகர்த்தினார். அழித்துவிட்டேன்.

தம்பியிடம் வடுமாங்காய், இரண்டு போர்வை, அம்மா இடித்த மிளகாய்ப்பொடி கொடுத்தனுப்புங்கள். வறுவல் வாசனை வந்தால் வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார், அதனால் ஊரிலேயே வறுத்துவிடச் சொல்லுங்கள். பணம் பத்தாம் தேதி வந்துவிடும். காது டாக்டரிடம் இந்த மாதமாவது போங்கள். துளை எத்தனை என்று மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த மகன்